ரொட்டவேட்டர் ஓட்டும்போது மட்டும் இன்ஜின் சூடாகிறது: ஹெட் கேஸ்கெட்டை மாற்றலாமா?

வணக்கம். சென்ற காணொளியைப் பார்த்துவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கும் சந்தேகத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவரிடம் தண்ணீரால் குளிரும் இன்ஜின் கொண்ட, 20 குதிரைத்திறனுள்ள சிறிய டிராக்டர் இருக்கிறது. தென்னந்தோப்பில் மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரொட்டவேட்டர் ஓட்டினால் அரை மணி நேரத்திற்குள் வெப்ப மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. டிரெய்லரில் தேங்காய் ஏற்றிச் சாலையில் போகும்போது அப்படி ஆவதில்லை. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை, அதாவது சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரின் வழியைத் திறந்து மூடும் வால்வை, கழற்றி எடுத்துவிட்டார், அதன் பிறகும் சூடு குறையவில்லை. ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர்தான் ஊற்றுகிறார், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை அதுவும் குறைந்துவிடுகிறது. இப்போது ஹெட் கேஸ்கெட்டை, அதாவது சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகட்டை, மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்பதே என் பதில். காரணம் அவருடைய கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

டீசல் எரிவதால் கிடைக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மீதியில் பெரும்பகுதி புகையோடு வெளியேறுகிறது, இன்னொரு பெரும்பகுதியைத் தண்ணீர் எடுத்துவந்து ரேடியேட்டர் வழியாகக் காற்றில் விட வேண்டும். ரொட்டவேட்டர் என்பது சிறிய டிராக்டரின் முழுத் திறனையும் தொடர்ந்து வாங்கும் கருவி. வண்டி நகர்வதோ ஆள் நடக்கும் வேகத்தில். எதிர்க்காற்று என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஃபேன் இழுக்கும் காற்று மட்டுமே துணை, அந்தக் காற்றிலும் புழுதியும் சருகுத் தூளும் கலந்திருக்கின்றன. சாலையில் டிரெய்லர் இழுக்கும்போது, மேடு ஏறும் சில நிமிடங்களைத் தவிர, இன்ஜினுக்கு இவ்வளவு சுமை கிடையாது. ஆகவே குளிர்விக்கும் திறன் பாதியாகக் குறைந்திருந்தாலும் சாலையில் அது வெளியே தெரியாது, தோப்பில் தெரிந்துவிடும். இவர் வண்டியில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

வெயில் காலம், அதனால்தான் சூடாகிறது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நம் நாட்டில் விற்கப்படும் டிராக்டர்களை மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிறுவனத்தில் சோதிக்கும்போது, சுமார் 43 டிகிரி வெப்பச் சூழலிலும் இன்ஜினை ஓட்டி, தண்ணீரின் வெப்பநிலை எதுவரை போகிறது என்று பதிவு செய்கிறார்கள். பொள்ளாச்சியின் சித்திரை வெயிலைத் தாங்கும்படிதான் ரேடியேட்டர் வடிவமைக்கப்படுகிறது. தாங்கவில்லை என்றால் ஏதோ ஒன்று அடைபட்டிருக்கிறது அல்லது ஒழுகுகிறது என்று பொருள்.

முதலில் காற்றுப் பாதை. பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள வலையைக் கழற்றி எடுங்கள். வலை சுத்தமாக இருக்கிறதே என்று பலரும் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். அடைப்பு பெரும்பாலும் வலையைத் தாண்டி, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவில்தான் இருக்கும். இருட்டிய பிறகு, இன்ஜினை நிறுத்தி வைத்து, ஃபேன் இருக்கும் பக்கத்திலிருந்து கைப்பேசியின் டார்ச்சை அடித்துவிட்டு முன்பக்கம் வந்து பாருங்கள். தகடுகளின் இடையே எங்கே வெளிச்சம் வரவில்லையோ அங்கே காற்றும் போகவில்லை. தென்னந்தோப்பில் ஓடும் வண்டியில் நார்த்தூள் ஒருவகைப் பஞ்சுப் படலமாகப் படிந்திருக்கும். எங்காவது ஆயில் கசிவு இருந்தால் அது புழுதியோடு சேர்ந்து பசையாகிவிடும், வெறும் காற்று அடித்தால் போகாது. அப்படியானால் சோப்புத் தண்ணீரை ஊற்றிச் சற்று நேரம் ஊறவிட்டு, பிறகு தோட்டத்துக் குழாயின் சாதாரண அழுத்தத்தில் கழுவுங்கள். காற்றானாலும் தண்ணீரானாலும் ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி அடிக்க வேண்டும்; முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போய் இறுகும். வண்டி கழுவும் கடையின் அதிக அழுத்தத் தண்ணீரை நேராகக் காட்டினால் தகடுகள் மடங்கிவிடும், மடங்கிய தகடு அடைபட்ட தகடுக்குச் சமம்.

அங்கேயே நின்று ஃபேனையும் பாருங்கள். ஃபேன் பெல்ட்டின் நீளமான பகுதியின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் பல டிராக்டர்களில் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை உள்வாங்கும். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோலப் பளபளத்தால் அது சுமையில் வழுக்குகிறது, மாற்றிவிடுங்கள். ஃபேனைச் சுற்றியுள்ள கூண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட் மாற்றும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றியவர்கள் அதைத் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுவது உண்டு. கூண்டு இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கவாட்டிலிருந்து சுடுகாற்றையே இழுத்துச் சுழற்றிக்கொண்டிருக்கும். வாட்டர் பம்பைப் பழுது பார்த்த வண்டியென்றால் ஃபேன் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் வரும், ஆனால் அளவு வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால் கையை வைத்துப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

அடுத்தது தெர்மோஸ்டாட். அதைக் கழற்றிப் போடுவது நம் பட்டறைகளில் ஊறிப்போன பழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பல இன்ஜின்களில், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி வருவதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. தெர்மோஸ்டாட் சூடாகித் திறக்கும்போது ரேடியேட்டருக்கான வழியைத் திறப்பதோடு இந்தக் குறுக்கு வழியை மூடவும் செய்கிறது. அதைக் கழற்றிவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும், சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பி வரும். அதனால் முழுச் சுமையில் சூடு கூடுவதற்கே வாய்ப்பு உண்டு. சுமை இல்லாதபோதோ இன்ஜின் போதிய சூட்டுக்கு வராமல் தேய்மானம் அதிகமாகும். எனவே உங்கள் இன்ஜினுக்குரிய தெர்மோஸ்டாட்டையே திரும்பப் போடுங்கள். போடுவதற்கு முன் அதை ஒரு பாத்திரத்துத் தண்ணீரில், அடியில் படாமல் கம்பியில் தொங்கவிட்டு அடுப்பில் சூடாக்குங்கள். அதன்மேல் 71, 82 என்பது போல ஓர் எண் பொறித்திருக்கும். அந்த வெப்பநிலையை ஒட்டித் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிப்பதற்குள் முழுதாகத் திறந்தால் அது நல்ல நிலையில் இருக்கிறது.

இப்போது என் கையில் உள்ள இந்த ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். மேலே 0.9 என்று அழுத்த அளவு எழுதியிருக்கிறது. இந்த ஸ்பிரிங் அந்த அழுத்தம் வரை ரேடியேட்டரை மூடி வைத்திருப்பதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 118 டிகிரிக்கு மேல் வரை தாங்குகிறது. கீழே உள்ள இந்த ரப்பர் வளையத்தில் வெடிப்பு தெரிகிறதா? இப்படி இருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதித்து, வழியும் குழாய் வழியாக வெளியேறிவிடும். நண்பர் சொல்லும் தண்ணீர்க் குறைவுக்கு இது ஒன்றே போதுமான காரணமாக இருக்கலாம். ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் இந்த மூடியை மாற்றிப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? அப்படியே வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் சொட்டுகிறதா, ஹோஸ் கிளிப் அருகில் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். மூடியை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மட்டுமே திறக்க வேண்டும். சூட்டில் திறந்து முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொண்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

போர் தண்ணீருக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக் குழாய் வாயில் வெள்ளையாகப் படிகிறது என்றால் அதே படிவு ரேடியேட்டரின் குழாய்களிலும் இன்ஜினின் சிலிண்டரைச் சுற்றிய தண்ணீர்ப் பாதையிலும் படிந்துகொண்டிருக்கிறது. இந்தச் சுண்ணாம்புப் படிவு இரும்போடு ஒப்பிட்டால் வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். படிவு இருக்கிறதா என்று அறிய, தொடாமலே சூட்டைக் காட்டும் இன்ஃப்ராரெட் வெப்பமானி நல்ல கருவி. வண்டி சூடானதும் பி.டி.ஓ.வை (ரொட்டவேட்டரைச் சுழற்றும் பின்பக்கத் தண்டை) நிறுத்தி, ஃபேனுக்குக் கை எட்டாத தூரத்தில் நின்று, ரேடியேட்டரின் முன்முகத்தில் இடம் இடமாகக் காட்டிப் பாருங்கள். சூடு மேலிருந்து கீழாகச் சீராகக் குறைந்தால் சரி. நடுவில் பட்டை பட்டையாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. அதே வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் கூண்டின் மேல் காட்டினால் மீட்டரின் முள் உண்மை சொல்கிறதா என்பதும் தெரிந்துவிடும். சென்சார் கெட்டுப்போய், சூடாகாத இன்ஜினுக்குச் செலவு செய்தவர்களும் உண்டு.

குழாய் அடைபட்டிருந்தால் ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். ஆசிட் ஊற்றும் கைவைத்தியம் வேண்டாம், அலுமினியத்தை அது அரித்துவிடும். அதன் பிறகு கூலண்ட் ஊற்றுங்கள். நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை, ஆனால் துருவையும் படிவையும் தடுப்பதற்கும் கொதிநிலையை உயர்த்துவதற்கும் அது தேவை. அடர் கூலண்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு கையேடு சொல்லும் அளவில், பெரும்பாலும் பாதிக்குப் பாதி, கலக்க வேண்டும். கலந்தே வரும் கூலண்டில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது.

சுமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வண்டியின் திறனுக்கு மீறிய அகலத்தில் ரொட்டவேட்டர் மாட்டியிருந்தாலோ, பிளேடுகள் மழுங்கியிருந்தாலோ, காய்ந்து இறுகிய மண்ணில் முதல் ஓட்டத்திலேயே முழு ஆழம் இறக்கினாலோ எந்த ரேடியேட்டரும் திணறும். கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், ஆழத்தைக் குறையுங்கள்.

முள் சிவப்பைத் தொட்டதும் உடனே இன்ஜினை அணைப்பது பலருக்கும் வழக்கம். அது சரியல்ல. பி.டி.ஓ.வை நிறுத்தி, சுமையில்லாமல் மெதுவான ஓட்டத்தில் சில நிமிடங்கள் விட்டால் ஃபேனும் பம்பும் சூட்டை இறக்கும். பெல்ட் அறுந்திருந்தாலோ தண்ணீர் கொட்டிப் போயிருந்தாலோ மட்டும் உடனே அணையுங்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் கீறல் விழலாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் சூடு நிற்கவில்லை என்றால்தான் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கும் அறிகுறிகள் உண்டு. காலையில் குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் தண்ணீரில் இடைவிடாமல் குமிழி வரும். மூடியை மூடி ஓட்டினால் இன்ஜின் சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகும். ஆயில் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கும். புகைக்குழாயில் வெண்புகை நிற்காமல் வரும். இவற்றில் ஒன்று இருந்தாலும் அதற்கு மேல் ஓட்டாமல் ஹெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றியதும் புதுக் கேஸ்கெட்டை நேரே வைத்து முறுக்க விடாதீர்கள். சூட்டில் ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்து, வளைந்திருந்தால் சமன் செய்து, போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள வரிசையிலும் அளவிலும் முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டே முறுக்க வேண்டும்.