புழுதியை நிறுத்திய வேலி

நேயர்களுக்கு வணக்கம். ஆஸ்திரேலிய ஊர் ஒன்றின் பழைய கதையைச் சொல்லச் சொன்னார்கள். சிட்னி, மெல்பர்ன் பற்றிப் பேச ஆள் நிறைய உண்டு. நான் சுரங்க ஊரான புரோக்கன் ஹில் பக்கம் போகிறேன்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது இந்த ஊர். சிட்னியிலிருந்து 1,100 கிலோமீட்டருக்கு மேல். பக்கத்து மாநிலமான தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகர் அடிலெய்டிலிருந்து ஏறக்குறைய 500தான். அதனால் மாநிலம் ஒன்று, கடிகாரம் காட்டுவது பக்கத்து மாநிலத்து நேரம்! தோண்டிய தாது ரயிலேறிப் போனதும் தெற்கு ஆஸ்திரேலியா வழியாகத்தான். சிட்னியோடு ரயில் தொடர்பு 1927இல்தான் வந்தது.

வில்யாகாலி பழங்குடியினரின் மண் அது. 1883இல், மவுண்ட் கிப்ஸ் ஆட்டுப் பண்ணையில் எல்லை சுற்றி வரும் வேலை பார்த்த சார்லஸ் ராஸ்ப் என்பவர், அங்கிருந்த ஒரு கரட்டில் வெள்ளீயம் இருக்கும் என்று நினைத்து இடத்தைப் பதிவு செய்தார். கூட ஆறு பேர் பங்கு சேர்ந்தார்கள். கிடைத்ததோ வெள்ளியும் காரீயமும். 1885இல் அவர்கள் தொடங்கிய கம்பெனிதான் இன்று உலகமே அறிந்த சுரங்க நிறுவனமான பி.எச்.பி. ஊர் மளமளவென்று வளர்ந்தது. தெருக்களுக்கு குளோரைடு, சல்பைடு, அயோடைடு என்றெல்லாம் பெயர்; வேதியியல் புத்தகத்தைப் பிரித்து வைத்தது போல இருக்கும்.

ஊர் நடுவே, தோண்டிக் கொட்டிய கல்லும் மண்ணும் குன்றாக நிற்கிறது. அதன் உச்சியில் துருவேறிய இரும்பில் ஒரு நினைவுச் சின்னம், 2001இல் திறந்தது. சுரங்கத்தில் உயிர்விட்ட 800க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. பெயரோடு நிற்கவில்லை, எப்படி இறந்தார்கள் என்பதும் இருக்கிறது: பாறை சரிந்து, தவறி விழுந்து, ஈய நஞ்சால். இதைப் படித்த பிறகுதான், 1919இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தை ஏன் 18 மாதம் விடாமல் நடத்தினார்கள் என்பது உறைக்கும். முடிவில் வாரத்துக்கு 35 மணி நேர வேலை என்ற உரிமையை வாங்கினார்கள்.

சுரங்கத்தையும் தொழிற்சங்கத்தையும் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இந்த ஊரில் பெரிய சொத்தாகத் தெரிவது ஒரு வேலி.

சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்க மரம் வேண்டும், உலைக்கும் அடுப்புக்கும் விறகு வேண்டும். சுற்றுவட்டாரத்து மல்கா மரங்களை ஒன்றுவிடாமல் வெட்டினார்கள். மிச்சமிருந்த செடியை ஆடும் முயலும் மேய்ந்து தீர்த்தன. அப்புறம் என்ன? காற்றடித்தால் மணல் கிளம்பி வந்து வீட்டு வேலிகளை மூடும். துணி காயப்போட முடியாது, ஜன்னல் திறக்க முடியாது.

ஆல்பர்ட் மோரிஸ் என்று ஒருவர். சுரங்கக் கம்பெனியில் தாதுப் பரிசோதனை அவர் தொழில். செடிகொடிகள் மீது தீராத பைத்தியம். மனைவி மார்கரெட்டுக்கும் அதே ஈடுபாடு. பல வருடம் பாலைச் செடிகளைக் கவனித்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: விதை மண்ணுக்குள் கிடக்கிறது, முளைப்பதைத் தின்னும் வாய்களைத் தடுத்தால் போதும், மழை பெய்யும்போது தானே எழும்பும். ஊரில் பலர் நம்பவில்லை. 1936இல் ஜிங்க் கார்ப்பரேஷன் நிறுவனம் தன் புதிய சுரங்க வளாகத்தைப் புழுதியிலிருந்து காக்க அவரை நாடியது. முயல் நுழையாத கம்பிவலை போட்டு முதலில் ஒரு சிறு இடத்தை வளைத்தார்கள். உள்ளே மரக்கன்றும் நட்டார்கள். அடுத்த ஆண்டு ஊரின் தென்மேற்கில் பெரிய நிலப்பரப்புகளை வளைத்தபோது, மோரிஸ் பெரும்பாலும் மண்ணையே நம்பினார். மழை வந்தது. உப்புச்செடியும் புல்லும் முளைத்தன. செடியின் தூரில் மணல் தங்கியது, தங்கிய மணலில் அடுத்த செடி பிடித்தது.

இதில் எனக்குப் பிடித்தது, அவர் செய்யாமல் விட்ட வேலைதான். இன்றைக்கு மரம் நடுவிழா என்றால் குழி வெட்டி, கன்று வைத்து, போட்டோ எடுத்து, மறுவாரம் ஆட்டுக்கு விட்டுவிடுகிறோம். அவர் ஆட்டிலிருந்து தொடங்கினார்.

மோரிஸ் 1939இல் காலமானார். மிச்சத்தை மற்றவர்கள் எடுத்துச் செய்தார்கள். 1958இல் மேலும் நிலத்தை வளைத்து, ஊரைச் சுற்றிப் பச்சை வளையம் போல ஆக்கினார்கள். 2015இல் ஆஸ்திரேலியாவின் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற முதல் நகரம் புரோக்கன் ஹில். அங்கே போனால் சுரங்கத்தைப் பாருங்கள், ஒட்டக ஓட்டிகள் தகரத்தால் கட்டிய பழைய பள்ளிவாசலையும் பாருங்கள். சரி, அதோடு திரும்பிவிடாமல், கடைசித் தெருவைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் கம்பிவலை கண்ணில் படும். மழைக்குப் பிந்திய வாரங்கள்தான் அதற்கு நல்ல நேரம்.