நடுக்கட்டில்

நேயர்களுக்கு வணக்கம்.

திருவல்லிக்கேணியில் எனக்கு ஒரு வீடு இருந்தது என்று சொன்னால் அது பொய். இருந்தது ஒரு கட்டில்தான். பெரிய தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் மூன்று மாடி மேன்ஷன். அதன் இரண்டாவது மாடியில் பத்துக்கு எட்டு அடி அறை, அறைக்குள் மூன்று கட்டில். ஜன்னலோரக் கட்டில் மூத்தவருக்கு, கதவோரக் கட்டில் அடுத்தவருக்கு, நடுக்கட்டில் புதிதாக வந்தவனுக்கு. 1986 ஜூன் மாதம், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து அந்த நடுக்கட்டிலில் உட்கார்ந்தேன். ஜன்னலோரத்து அண்ணன் படித்துக்கொண்டிருந்த பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார்.

"தம்பி, தண்ணி அஞ்சு மணிக்கு வரும். நாலே முக்காலுக்கே போயி பக்கெட்ட வரிசையில வச்சிரு."

என் பேரைக் கேட்டது அதற்கு அப்புறம்தான்.

அந்த அறையில் ஒருவர் நிற்கலாம். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் படுத்துத்தான் ஆகவேண்டும். அதனால் தூங்குவதற்கு மட்டும் அறை, மற்றதெல்லாம் பேட்டையில் என்று பழகிக்கொண்டோம். ஒரு வீட்டில் கூடம், சமையலறை, பூஜையறை, திண்ணை என்று இருக்குமே, எங்களுக்கு அவை ஒரு மைல் சுற்றளவுக்குச் சிதறிக் கிடந்தன.

சாப்பாட்டு அறை என்றால் மெஸ். மாதத் தொடக்கத்தில் டோக்கன் புத்தகம் வாங்கிவிட்டால் இருபத்தைந்தாம் தேதிக்குப் பிறகும் பட்டினி இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எந்த மெஸ்ஸிலும் அடுப்பு எரியாது. மேன்ஷன்வாசிகள் ஊர் ஞாபகத்தில் கண் கலங்குவது பெரும்பாலும் ஞாயிறு இரவில்தான். அதற்குக் காரணம் பாசம் பாதி, பசி பாதி. கையில் கொஞ்சம் காசிருந்தால் ரத்னா கபே. வட இந்தியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் 1948-ல் தொடங்கிய கடை அது. மதராஸுக்குச் சாம்பார் இட்லி இப்படித்தான் இருக்கவேண்டும் என்று அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள் என்றால் மயிலாப்பூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். இட்லி மூழ்கும்வரை சாம்பார் ஊற்றுவார்கள். நாம் குடித்துத் தீர்த்தால் மறுபடியும் ஊற்றுவார்கள். இரண்டு இட்லிக்கு எத்தனை முறை சாம்பார் கேட்கலாம் என்பதில் எங்களுக்குள் ஒரு போட்டியே உண்டு. வெற்றிபெற்றவர் யார் என்பதை இங்கே சொல்வது நாகரிகமாக இருக்காது.

நூலகம் நடைபாதையில் இருந்தது. பாரதி சாலை என்று பலகையில் எழுதியிருந்தாலும் அன்றைக்கு எல்லார் வாயிலும் பைகிராப்ட்ஸ் ரோடுதான். சாயங்காலம் ஆனால் ஓரமெல்லாம் பழைய புத்தகங்களைப் பரப்பி, சில இடங்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கும் வைத்துவிடுவார்கள். மருத்துவக் கல்லூரிப் பாடநூலுக்குப் பக்கத்தில் ஜோதிடம், அதற்கு மேலே அட்டை போன ருஷ்ய நாவல். எல்லாக் கடைக்காரர்களும் ஒரே வித்தை கற்றவர்கள்: புத்தகத்தைப் பார்க்கமாட்டார்கள், எடுப்பவனின் கண்ணைப் பார்ப்பார்கள். விலை அங்கேதான் எழுதியிருக்கும். அதனால் வேண்டிய புத்தகத்தைத் தொடாமல், வேண்டாத இரண்டைப் பேரம் பேசிவிட்டுக் கடைசியில் "இதுவும் சேத்துக் குடுங்க" என்று சொல்லப் பழகினேன். அது அவர்களுக்கும் தெரியும்.

கடற்கரை எங்களுக்குக் கூடம். வேலை கிடைத்தவன் அங்கேதான் சுண்டல் வாங்கித் தருவான், கிடைக்காதவனும் அங்கேதான் போய் உட்காருவான். போகிற வழியில் ஐஸ் ஹவுஸ். 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை இறக்கிவைக்கக் கட்டியது. சமுத்திரம் தாண்டி ஐஸ் வந்தது என்று அண்ணன் சொன்னபோது நான் நம்பவில்லை, கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். 1897-ல் விவேகானந்தர் தங்கியதும் அதே கட்டடம். பஸ் கண்டக்டருக்கு இந்தச் சரித்திரம் எல்லாம் தேவையில்லை. "ஐஸவுஸ் எறங்கு" என்பதோடு சரி.

மொட்டைமாடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதுவும் வானொலியில் பேசும்போது. கோடை இரவுகளில் மேன்ஷனே பாயைச் சுருட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். பகலில் அது கிரிக்கெட் மைதானத்தின் இலவச கேலரி. சேப்பாக்கம் மைதானம் எங்களுக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர். ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் வரும். டிரான்சிஸ்டரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுச் சுற்றி நிற்போம். வானொலி மின்னல் வேகத்தில் சொல்லிவிடும். கூட்டத்தின் சத்தம் காற்றில் நடந்து வர மூன்று விநாடி ஆகும். வர்ணனையாளர் "நான்கு ரன்" என்பார். நாங்கள் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவோம். மைதானத்துப் பக்கமிருந்து ஆரவாரம் வந்து மாடியில் மோதும். மின்னலையும் இடியையும் மைதானத்துக்கும் எங்களுக்கும் நடுவில் கட்டிவைத்த மாதிரி.

நான் வந்த அதே ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி ஆஸ்திரேலியாவோடு ஆடிய டெஸ்ட் 'டை'யில் முடிந்தது. கடைசி விக்கெட் மணிந்தர் சிங். அடுத்த ஆண்டு அக்டோபர் 9, உலகக் கோப்பை, அதே மைதானம், அதே ஆஸ்திரேலியா. ஒரே ஒரு ரன்னில் தோற்றோம். கடைசி விக்கெட் மறுபடியும் மணிந்தர் சிங், ஸ்டீவ் வா வீசிய பந்தில் போல்டு. டிரான்சிஸ்டர் அதைச் சொன்னதும் பழக்கதோஷத்தில் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. எதுவும் வரவில்லை. அத்தனை ஆயிரம் பேரும் வாயடைத்து உட்கார்ந்திருந்த அமைதிதான் அந்த ஒரு கிலோமீட்டரையும் தாண்டி வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுக் கொடியில் துணி படபடத்தது இப்போதும் காதில் இருக்கிறது.

அப்பா ஊரிலிருந்து போடும் கார்டில் "டிரிப்ளிகேன், மெட்ராஸ்-5" என்று எழுதியிருக்கும். அல்லி பூத்த கேணி வெள்ளைக்காரன் வாயில் அப்படி ஆனது. குளம் இன்றும் பார்த்தசாரதி கோயில் எதிரே இருக்கிறது. அதில் மீன் வாழாது என்று ஊரில் நம்பிக்கை. கோயிலில் பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. மூலவருக்குக் கம்பீரமான மீசை. உற்சவர் முகத்தில் பீஷ்மர் அம்பு பட்ட தழும்பு. பாரதப் போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்ததால் மூலவர் கையில் சங்கு உண்டு, சக்கரம் இல்லை. கையில் ஆயுதம் இல்லாமல், முகத்தில் அடிபட்டு நிற்கிற சாமி என்பதால், இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் அவரிடம் கொஞ்சம் உரிமையாகப் பேசுவார்கள்.

எங்களுக்கு முன்னாலும் கையில் காசில்லாத இளைஞர்கள் இந்தத் தெருக்களில் நிறையவே நடந்திருக்கிறார்கள். 1878-ல் இரண்டு ஆசிரியர்களும் நான்கு சட்ட மாணவர்களும் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி எண்பது பிரதி அச்சடித்ததுதான் இந்து பத்திரிகையின் ஆரம்பம். திருவல்லிக்கேணி ஆறு பேர் என்றே அவர்களுக்குப் பெயர். ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறுவதற்கு முன் அனுமந்தராயன் கோயில் தெருவில் குடியிருந்தார். பாரதி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில். அவரை யானைதான் கொன்றது என்று மெஸ்ஸில் யாராவது சொன்னால் எங்கள் அண்ணனுக்குக் கோபம் வந்துவிடும். யானை தள்ளியது உண்மை, நண்பர் குவளைக்கண்ணன் உள்ளே புகுந்து தூக்கியதும் உண்மை. ஆனால் அதற்கு அப்புறம் பாரதி எழுந்து ஈரோடுவரை போய்க் கருங்கல்பாளையத்தில், மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் பேசிவிட்டுத் திரும்பினார். 1921 செப்டம்பரில் அவரைக் கொண்டுபோனது வயிற்றுக் கோளாறு. இதைச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணனின் ரசம் ஆறிப்போயிருக்கும்.

விடிகாலையில் எங்களை எழுப்புவது முதலில் பெரிய மசூதியின் பாங்கு, பிறகு கோயில் மணி. மார்கழி என்றால் பஜனையும் சேர்ந்துகொள்ளும். வாலாஜா நவாப் குடும்பம் 1795-ல் கட்டிய மசூதி அது. உள்ளே அதன் காலத்தைக் குறிக்கும் பாரசீகக் கவிதை ஒன்று கல்லில் பொறித்திருக்கிறது. எழுதியவர் ராஜா மக்கன் லால், நவாப்பிடம் வேலை பார்த்த இந்து. அங்கே ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு உணவு சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகிறவர்கள் சூஃபிதார் அறக்கட்டளையின் தொண்டர்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்தவர் தொடங்கிய அமைப்பு. எங்கள் கதவோரக் கட்டில்காரர் மேலப்பாளையத்துக்காரர். அந்த மாதம் முழுக்க ஒரு தூக்குவாளியில் கஞ்சி அறைக்கு வந்துவிடும். ரம்ஜான் ஞாயிறுகளில் மட்டும் நாங்கள் ஊரை நினைத்து அழுததில்லை.

குறையே இல்லையா என்றால், மூட்டைப்பூச்சி உண்டு. மழை பெய்தால் சந்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும், குழாயில் மட்டும் வராது. ராத்தங்கலுக்கு விருந்தாளியை ஏற்றக்கூடாது என்ற விதியால் ஊரிலிருந்து பரீட்சை எழுத வந்த என் தம்பியை வாட்ச்மேன் கண்ணில் படாமல் மொட்டைமாடியில் ஒளித்து வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் வாட்ச்மேனே அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆறு வருஷத்தில் நடுக்கட்டிலிலிருந்து கதவோரம், கதவோரத்திலிருந்து ஜன்னலோரம் வந்து சேர்ந்தேன். 1992-ல் கல்யாணம் நிச்சயமாகி அறையைக் காலி செய்தேன். புத்தகங்களில் பாதியைப் பைகிராப்ட்ஸ் ரோட்டுக்கே திருப்பிக் கொடுத்தேன். இந்த முறை கடைக்காரர் என் கண்ணைப் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்த்தார். அதிலேயே விலை தெரிந்துவிட்டது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினால், மேனேஜர் மேஜைக்கு முன்னால் ஒரு பையன் சூட்கேஸோடு நிற்கிறான். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. அவனுக்கு எங்கள் அறையின் நடுக்கட்டில். சாவியை அவன் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஏதாவது கேட்பான் என்று பார்த்தேன், கேட்கவில்லை. அதனால் நானே சொன்னேன்.

"தம்பி, தண்ணி அஞ்சு மணிக்கு வரும்."

வணக்கம்.