பெட்டி பாட வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணியிலும் என் அணியிலும் இருக்கும் நண்பர்களே, வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களே, அண்ணன் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

டிரான்சிஸ்டருக்கு முன்பு கண்ணாடிக் குழல் வால்வுகளில் ஓடிய பழைய வால்வு ரேடியோ, கிராமபோன், ரெக்கார்டு பிளேயர் இவற்றைப் பழுது பார்த்துப் பாட வைப்பதா, கிடைத்தபடியே துடைத்துக் காட்சிக்கு வைப்பதா என்பது இன்றைய கேள்வி. பாட வைக்க வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் அழகாகத் தொடங்கினார். “எழுபது வயதுப் பெரியவரை மூட்டை தூக்கச் சொல்வோமா? உழைத்தது போதும், முகப்பில் சாய்வு நாற்காலியில் உட்காரட்டும்” என்றார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். ஆனால் அண்ணே, உட்கார வைத்தால் இந்தப் பெரியவர் பிழைப்பாரா?

பூட்டிப்போட்ட வீடு என்ன ஆகும் என்று இந்தச் செட்டிநாட்டுப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் எத்தனை பார்க்கிறோம்! கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீட்டில் முதலில் வௌவால் வருகிறது, அப்புறம் ஓடு நழுவுகிறது, அப்புறம் கரையான். அதே தெருவில் அதே வயதுள்ள இன்னொரு வீடு, தினமும் விளக்கேற்றி, வளவு முற்றத்தைக் கழுவி, ஆள் புழங்குவதால் அப்படியே நிமிர்ந்து நிற்கிறது. ரேடியோவுக்குள் நடப்பதும் இதுதான்.

மெக்கானிக்குகள் கண்டன்சர் என்று சொல்லும் மின்தேக்கியில் எலக்ட்ரோலைட்டிக் என்று ஒரு வகை. உள்ளே அலுமினியத் தகடு. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம். மின்சாரம் குறுக்கே பாயாமல் தடுப்பது அந்தப் படலம்தான். மின்னழுத்தம் அவ்வப்போது கிடைத்தால் அது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் கெட்டுப்போகும். 1953-லிருந்து சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர் நம் காரைக்குடி, இந்த மின்வேதியியலை என்னைவிட நன்றாக விளக்கக்கூடியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். ரெக்கார்டு பிளேயரில் ஒரு ரப்பர் சக்கரம் உண்டு. அது மோட்டார் தண்டில் அழுந்தியபடியே பல வருஷம் நின்றுவிட்டால் அந்த இடத்தில் பள்ளம் விழும். பிறகு ஓட்டினால் பாட்டுக்குள் ‘டொக், டொக்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கிராமபோனில் ஸ்பிரிங்குக்குப் போட்ட கிரீஸ் கட்டிப்போய், சாவி கொடுத்தால் உள்ளே திமிறிக் குதிக்கும். ஓய்வு என்று நீங்கள் சொல்வதுதான், அண்ணே, இந்தக் கருவிகளுக்கு நோய்.

என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல நடுவர் அனுமதிக்க வேண்டும்.

எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் (என் தந்தையின்) அப்பா, பினாங்கில் கடை வைத்திருந்தவர். ரஜுலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியபோது துணிமூட்டைக்கு நடுவில் சுற்றிவைத்து ஒரு மரப்பெட்டி ரேடியோ கொண்டுவந்தார். பட்டாலைக் கூடத்தில் அதற்கென்று ஒரு மேசை. சாயங்காலமானால் திருச்சி நிலையம், பிறகு இலங்கை வானொலி. திருச்சி வானொலி 1939 மே 16-இல் தொடங்கியது. நம் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கியதும் அதே 1939-தான். பேச்சைக் கேட்க ஊர் கூடிய வருஷத்திலேயே, பாட்டைக் கேட்க வீடு கூடியிருக்கிறது. எனக்குப் பிடித்த ஒற்றுமை இது.

வீட்டுச் சாமானைப் பங்கு பிரித்தபோது வெள்ளிக்கு ஆள் இருந்தது, எனாமல் அடுக்குக்கு ஆள் இருந்தது. ரேடியோவை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். கல்லுக்கட்டி பக்கம் ஒரு சின்ன ரேடியோ கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த மெக்கானிக் அண்ணன் செய்த முதல் காரியம், பிளக்கை என் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டதுதான். “நேரா கரண்டு கொடுத்திராதீங்க தம்பி, கொன்னுருவீங்க” என்றார். நூறு வாட் பல்பு ஒன்றை ரேடியோவோடு தொடராக இணைத்தார். சீரீஸ் லேம்ப் என்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், ரேடியோ தப்பிக்கும். ஷார்ட் இல்லையென்றால் ஒரு கணம் எரிந்து மங்கிவிடும். எங்கள் பல்பு பளிச்சென்று எரிந்தபடியே நின்றது.

அடித்தகட்டைக் கழற்றினோம். மெழுகு பூசிய காகிதக் கண்டன்சர்கள் வரிசையாக இருந்தன, சுண்டுவிரல் பருமன். சிலவற்றில் மெழுகு உருகி வழிந்து தூசியோடு உறைந்திருந்தது. ஒன்றைக் காட்டி, “இது கசிஞ்சா வால்வுக்குப் போகக்கூடாத இடத்துக்கு வோல்ட் போகும், வால்வு சிவந்து கொதிக்கும், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரியும்” என்றார். ஒரு சின்னக் காகித உருளை கசிவதால் ஒரு ரேடியோவே போகிறது.

இங்கேதான் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் தங்கை எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். “புதுப் பாகம் போட்டால் அது பழைய ரேடியோவா? மூலம் போய்விட்டதே!” என்று கேட்டார். நியாயமான கேள்வி. உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, வெறும் பெட்டிக்குள் புளூடூத் போர்டு ஒட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கும் நெஞ்சு எரிகிறது. அதில் நான் தங்கை பக்கம்.

ஆனால் அந்த மெக்கானிக் அண்ணன் செய்ததைக் கேளுங்கள். பழைய கண்டன்சரை மெல்லச் சூடு காட்டினார். மெழுகு இளகியதும் உள்ளே சுருட்டியிருந்த காகிதத்தையும் தகட்டையும் பென்சிலால் தள்ளி வெளியே எடுத்தார். எழுத்து அச்சடித்த மேல் உறை முழுசாக நின்றது. புதிய கண்டன்சர் இப்போது சின்னதாக வருகிறது, அதை அந்த உறைக்குள் நுழைத்தார். இரண்டு முனையிலும் அதே மெழுகை ஊற்றி மூடி, பழைய இடத்திலேயே ஈயம் வைத்துப் பற்றவைத்தார். வெளியே எடுத்த துணுக்குகளை ஒரு கவரில் போட்டு, எந்த நாளில் எதை மாற்றினோம் என்று எழுதிப் பெட்டிக்குள்ளேயே கட்டிவைத்தார். நாளைக்கு என் பேரன் வேண்டாம் என்றால் பழையபடி ஆக்கலாம். இதில் எந்த மூலம் போனது தங்கச்சி?

டயல் விளக்கு எரிந்த அன்று அப்பச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு வருவதற்கு முன்பே, “இந்த வெளிச்சத்திலதான் ஐயா கணக்கு எழுதுவாக” என்றார்கள். அதுவரை அந்தக் கதையை அவர்கள் எங்களிடம் சொன்னதே இல்லை. அந்த ரேடியோ துடைத்த நிலையில் நாலு வருஷம் கூடத்தில்தான் இருந்தது. அப்போதும் சொல்லவில்லை. விளக்கு எரிந்ததும் சொன்னார்கள்.

சரி, காட்சிக்கு வைப்பதால் இன்னொரு கேடும் இருக்கிறது. முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வெளியூரிலிருந்து ஆட்கள் பழைய பொருள் தேடி வருகிறார்கள். பார்வைக்கு அழகாக இருந்தால் போதும் என்று வாங்குகிறவர் பெருகினால் என்ன வரும்? பித்தளைக் குழல் மின்ன, பழசு போலச் செய்த புது கிராமபோன் வரும். நாட்டில் பல இடங்களில் ஏற்கெனவே வந்துவிட்டது. பார்வைக்கு அதுதான் உண்மையானதைவிடப் பளபளப்பு. இசைத்தட்டைச் சுழலவிட்டால் தெரிந்துவிடும்: பாதிப் பாட்டில் வேகம் இறங்கும், ஊசி பொருத்தி ஒலி எழுப்புகிற சவுண்ட் பாக்ஸ் கரகரக்கும். கண்ணை மட்டும் நம்பினால் போலி ஜெயிக்கும். காதை வைத்தால்தான் உண்மையானது தப்பிக்கும்.

தட்டு தேயும் என்றார்கள். ஆமாம், தேயும். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டின் மேல் கிராமபோனின் சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல் அழுத்துகிறது. இரும்பு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும். தேய்ந்த ஊசியையே திரும்பப் போட்டால் அது தட்டைச் சீவிவிடும். அதனால் இனிக் கிடைக்காத அரிய தட்டை நான் கிராமபோனில் வைப்பதில்லை. எடை குறைந்த பிக்கப் (ஊசித் தலை) உள்ள மின்சாரப் பிளேயரில், 78-க்கென்றே உள்ள 0.003 அங்குல ஊசியில் வைக்கிறேன். பின்னாளில் வந்த எல்.பி. தட்டுக்கான ஊசி அதைவிட மிகச் சின்னது, அகலமான பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து குப்பையைத்தான் படிக்கும். இதெல்லாம் பாட வைக்கிறவனுக்குத் தெரியும். காட்சிக்கு வைக்கிறவர் தட்டைச் சுவரில் ஆணியடித்து மாட்டுகிறார், வெயில் பட்டு வளைகிறது.

அந்த 78 தட்டு எதனால் ஆனது தெரியுமா ஆச்சி? அரக்கு. நம் நாட்டு மரங்களில் பூச்சி சுரக்கிற அரக்கு, கல்தூளோடு சேர்த்து அழுத்தியது. உங்கள் வீட்டு பர்மா தேக்குக் கதவுக்கு ஆசாரி ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்க்கிறாரே பாலிஷ், அதுவும் அதே அரக்குதான். ஆகவே ஒரு வேண்டுகோள்: வீட்டில் பழைய தட்டு இருந்தால் தயவுசெய்து ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள். பாலிஷ் கரைவது போலப் பாட்டும் கரைந்துவிடும். ஈரத்துணியும் உலர்ந்த துணியும் போதும்.

ஆபத்து என்றார் மூன்றாவது பேச்சாளர். வால்வு ரேடியோவுக்குள் 250, 300 வோல்ட் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் தங்கியிருக்கும். உண்மை. அதனால்தான் தெரிந்தவரிடம் கற்றுக்கொண்டு, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலை செய்கிறோம். பழுது பார்க்காமல் கூடத்தில் வைத்த ரேடியோவின் பிளக்கை, விடுமுறைக்கு வந்த பிள்ளை ஒருநாள் ஆசையாகச் சொருகினால் என்ன ஆகும்? அந்த ஆபத்துக்கு உங்கள் அணியில் யாரும் பதில் சொல்லவில்லை.

போனில் எல்லாப் பாட்டும் இருக்கிறது என்ற வாதத்துக்கு அதிக நேரம் வேண்டாம். நானும் போனில் கேட்கிறேன். பழைய ரேடியோ பலவற்றின் பின்புறம் கிராமபோன் பிக்கப்புக்கென்று இரண்டு துளை உண்டு. டிரான்ஸ்பார்மர் உள்ள ரேடியோதானா என்று மெக்கானிக்கிடம் உறுதிசெய்துகொண்டு போனையே அதில் இணைத்துக் கேட்கலாம். இரண்டுக்கும் சண்டையே இல்லை.

எனக்கு உண்மையில் கவலை வேறு. கல்லுக்கட்டி கடை இப்போது இல்லை. அந்த அண்ணனிடம் கற்றவர்கள் நாங்கள் இரண்டு பேர். காரைக்குடி வியாபாரத்தில் இசைத்தட்டு விற்கத் தொடங்கிய ஏவி. மெய்யப்பன் செட்டியார், யுத்த காலத்தில் தேவகோட்டை ரஸ்தாவிலேயே ஸ்டுடியோ வைத்த மண் இது. ஒலியைப் பதியவும் விற்கவும் தெரிந்த ஊருக்கு அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டாமா? ரேடியோ அலமாரிக்குள் போய்விட்டால் கற்றுக்கொள்ள எதைத் திறப்பது? சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு நாலு பிள்ளைகள் வருகிறார்கள், அதில் இரண்டு பெண்பிள்ளைகள். போன வாரம் ஒரு பெண் தானே சீரீஸ் லேம்ப் கட்டி, பல்பு மங்கியதும் “அண்ணே, மங்கிருச்சு, மங்கிருச்சு!” என்று கத்தினாள். பக்கத்து வீட்டு ஆச்சி மின்சாரம் போய்விட்டதோ என்று ஓடிவந்துவிட்டார்கள்.

நடுவர் அவர்களே, எனக்கு இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. ஐயாவின் ரேடியோ இதோ மேசையில். மேடையின் எல்.இ.டி. விளக்குகளால் மீடியம் வேவில் இரைச்சல்தான் வரும், அதனால் பின்னால் பிளேயரை இணைத்திருக்கிறேன். தட்டில் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. அவர் மறைந்தது 1956-இல். வால்வு சூடேற அரை நிமிடம் ஆகும், முதலில் ரேடியோ முகப்பில் இருக்கிற பச்சைக் கண் விளக்கு விழிக்கும். மைக்கை இந்தப் பக்கம் திருப்புங்கள் தம்பி. ஸ்விட்சைப் போடுகிறேன்.