பூட்டிக் கிடந்த காரை விற்பதற்கு முன்

(காட்சி: கானாடுகாத்தான். பெரிய வீடு ஒன்றின் பக்கவாட்டுக் கொட்டகை. துணி போர்த்திய கார்.)

வணக்கம். துணியை விலக்குகிறேன், பாருங்கள். 12 வயதுக் கார். மீட்டர் காட்டுவது 21,000 கிலோமீட்டர்தான்.

செட்டிநாட்டில் இப்படிப்பட்ட கார்களைப் பல ஊர்களில் பார்க்கலாம். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருப்பார்கள், அல்லது சிங்கப்பூரில். நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்கோ சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கோ வந்தால் நாலு நாள் வண்டி ஓடும். பிறகு மறுபடி துணி.

இந்தக் காரின் சொந்தக்காரர் எங்களுக்குத் தெரிந்த ஆச்சி. விலை கேட்டுச் சொல்லும்படி என்னை அழைத்திருந்தார். "ஓடவே இல்லையே தம்பி, புது வண்டி மாதிரித்தானே?" என்றார். நானும் மெக்கானிக் அண்ணனும் தள்ளிப் பார்த்தோம். மூன்று சக்கரம் உருண்டது. பின்பக்க இடது சக்கரம் உருளாமல் இழுபட்டு, செம்மண்ணில் கோடு கிழித்தது.

(காட்சி: மண்ணில் விழுந்த கோடு, அருகிலிருந்து.)

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதற்குள் விற்றால், விற்பதற்காக மட்டும் பாதுகாப்புச் சோதனை செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 15 ஆண்டு முடிந்த வண்டி என்றால் படிவம் 25 கொடுத்து, மோட்டார் வாகன ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டி, பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது 5 ஆண்டுக்குச் செல்லும். 2022 ஏப்ரல் முதல் காருக்கான இந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது, வரி தனி. டாக்ஸிக்கும் சரக்கு வண்டிக்கும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எப்போதும் வேண்டும்: முதல் 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும்.

சட்டம் கேட்காவிட்டாலும், விற்பவரே முன்கூட்டிச் சோதித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. வாங்க வருபவர் சும்மா வரமாட்டார், ஒரு மெக்கானிக்கோடு வருவார். அவர் ஒவ்வொரு குறையாகக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு குறைக்கும் பத்தாயிரம் குறையும். நமக்கே தெரிந்திருந்தால் பேரம் வேறு மாதிரி நடக்கும். அதோடு, பிரேக் பிடிக்காத வண்டியை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

(காட்சி: ஜாக்கியில் ஏற்றிய பின்சக்கரம்.)

இழுபட்ட சக்கரத்துக்கு வருவோம். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மாதக்கணக்கில் நிறுத்தினால், பிரேக் ஷூ துருவேறி, அது அழுத்திப் பிடிக்கும் சக்கரத்து டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். அதுதான் இங்கே நடந்தது. நெடுநாள் நிறுத்துபவர்கள் ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தால் போதும். பிரேக் ஆயிலும் சும்மா இருப்பதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை குறையும். அடிக்கடி பிரேக் பிடித்துச் சூடேறும்போது பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். வண்டி ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள் அது.

அடுத்தது டயர். பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் வரிப்பள்ளம், புதிதுபோல் இருந்தது. ஆச்சிக்கு முகம் மலர்ந்தது. காருக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர், இங்கே அதற்குமேல் தாராளமாகவே இருக்கிறது. ஆனால் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள்: 3613. 2013 ஆம் ஆண்டின் 36 ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். ரப்பருக்கு வயது ஏறும். பட்டன் எப்படி இருந்தாலும் 10 ஆண்டைத் தாண்டிய டயரை மாற்றிவிடுங்கள் என்று டயர் நிறுவனங்களே சொல்கின்றன. விரலால் அழுத்தினால் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றன. நான்கும் போச்சு.

(காட்சி: திறந்த பானெட்.)

அண்ணன் பானெட்டைத் திறந்ததும் சிரித்துவிட்டார். எஞ்சினின் மேல் ஓர் எலிக்கூடு: பஞ்சு, நெல் உமி, காலண்டர் தாளின் ஒரு துண்டு. நெல் மூட்டை அடுக்கும் வீட்டில் எலி இருப்பது அதிசயமில்லை. அது கடித்த வயர்தான் ஆபத்து. உறை போன இரண்டு வயர் உரசினால் தீப்பொறி. இந்த நிலையில் பேட்டரியை மாட்டி "ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பாதீர்கள். முதலில் வயர்களை முழுக்கப் பார்த்துவிட வேண்டும். டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலையும் இறக்கிவிட்டோம். மாதக்கணக்கில் நின்ற பெட்ரோலில் பிசின் படியும், அது எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை அடைக்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஓர் அண்டாவுக்குப் பழமை ஏற ஏற விலை ஏறும். கார் அந்தத் தெருச் சரக்கு இல்லை என்று ஆச்சியிடம் சொல்லத்தான் எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

மற்றவை எளிது, மெக்கானிக் இல்லாமலே பார்க்கலாம். இரவு வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் கருப்புக் கறை என்றால் எஞ்சின் ஆயில், பச்சையோ இளஞ்சிவப்போ என்றால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். ஆயில் மூடியின் அடிப்பக்கம் பால் காபி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுங்கள், பூட்டிக்கொள்ள வேண்டும். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கைப் பிடுங்கி வைத்திருக்கலாம்.

(காட்சி: குன்றக்குடி மலை தெரியும் சாலை.)

ஷூ, ஆயில், டயர், பேட்டரி எல்லாம் மாற்றி, காலாவதியான இன்சூரன்ஸையும் புகைச் சான்றையும் புதுப்பித்த பிறகுதான் சாலைக்கு வந்தோம். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வரை. ஆள் இல்லாத நேரான இடத்தில் மெதுவாகப் பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. சைலன்சரில் நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது, கரும்புகை என்றால் பெட்ரோல் முழுதாக எரியவில்லை. இரண்டும் இல்லை.

ஆச்சி சொன்ன விலையில் பாதி கிடைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். செலவு செய்த பில்களை மேசையில் பரப்பி வைத்ததால் முக்கால் வந்தது. வாங்கியவர் புதுக்கோட்டை மாவட்டத்து இராயவரத்துக்காரர்.

(காட்சி: ஆர்.சி. எனும் பதிவுச் சான்று, படிவங்கள்.)

பெயர் மாற்றத்தில்தான் நம்மவர்கள் அசட்டையாக இருக்கிறார்கள். படிவம் 29 விற்பவர் தரும் அறிவிப்பு. 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். படிவம் 30 இல் இருவரும் கையெழுத்திட வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். வண்டியின் உடற்சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். வங்கிக் கடன் முடிந்திருந்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நிற்கிறதா? படிவம் 35 கொடுத்து முதலில் அதை நீக்க வேண்டும். சிவகங்கை மாவட்டத்து டிஎன் 63 வண்டி புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் போவதால் எண் டிஎன் 55 ஆகாது. தமிழ்நாட்டுக்குள் அதே எண்தான். வேறு மாநிலத்துக்கு விற்றால்தான் படிவம் 28, தடையில்லாச் சான்று. இன்சூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவருக்கு 14 நாள்.

"வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தரகர் சொன்னால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். 2018 இல் உச்ச நீதிமன்றம் முடித்த வழக்கு ஒன்றில், கார் பல கை மாறிய பிறகு விபத்து நடந்தது. ஆர்.சி.யில் பெயர் மட்டும் மாறவில்லை. இழப்பீட்டுக்குப் பொறுப்பு, பதிவில் பெயர் இருந்த முதல் சொந்தக்காரருக்கே என்று தீர்ப்பானது.

ஆச்சி இதைக் கேட்டதும் பேரனை அழைத்து, ஒப்படைத்த தேதி, மணி, மீட்டர் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சாவி கொடுத்தது அதன் பிறகுதான்.

(காட்சி: பிள்ளையார்பட்டி, கோயில் வாசல். பூ மாலை போட்ட கார்.)

புதுச் சொந்தக்காரர் பூஜை போட நேராகப் பிள்ளையார்பட்டிக்கு வந்தார். நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான் பின்பக்க இடது சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டி நகர்ந்தது. நான்கு பழமும் நசுங்கியிருந்தன.