கேட்காமல் சொல்லும் அறிவுரை இடையூறே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் திருப்பூர்ப் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கமுங்க.

"ஜிம்மில் கேட்காமல் சொல்லும் அறிவுரை அக்கறையா, இடையூறா?" என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் பேசும்போது, "வழி கேட்டால் வாசல் வரைக்கும் கூட்டிப்போய் விடுகிற மண் இது. பக்கத்தில் ஒருத்தர் தப்பாக வெயிட் தூக்கினால் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பதா?" என்று கேட்டுக் கைத்தட்டல் வாங்கினார். அவர் சொன்னதிலேயே பதிலும் இருக்கிறது. வழி கேட்டால் கூட்டிப்போகிறோம். தன் வழியில் போகிறவரைக் கையைப் பிடித்து நிறுத்தி, "இப்படிப் போ" என்று திருப்பி விடுவதில்லை.

ஸ்குவாட் என்றால் எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது. அதைச் செய்கிறவருடைய தோளில் 20 கிலோ ராடு, அதில் எடைக்கு மாட்டிய பிளேட்டுகள். மூச்சை இழுத்து அடக்கி, வயிற்றை இறுக்கிக்கொண்டுதான் அவர் கீழே இறங்குவார். வயிற்றுக்குள் உண்டாகும் அந்த அழுத்தம்தான் முதுகெலும்புக்குத் துணை நிற்கிறது. அந்த நேரத்தில் பக்கவாட்டிலிருந்து "ஏனுங்க, முட்டியைப் பாருங்க" என்று ஒரு குரல் வந்தால் என்ன ஆகும்? தலை திரும்பும், மூச்சு விடும், இறுக்கம் போய்விடும். எடை மட்டும் அப்படியே தோளில் இருக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பனியன் கம்பெனியில் கணக்கு எழுதி எழுதி இடுப்பு டிஸ்க் விலகியவள் நான். பிசியோதெரபிஸ்ட் எனக்கு அளந்து கொடுத்த முறை, பின்னால் ஒரு பெட்டி வைத்து அதில் உட்கார்ந்து எழுவது. அதற்குக் கீழே போகக் கூடாது. ஒருநாள் ஒருவர் வந்து, "இதெல்லாம் அரை ஸ்குவாட்டுங்க, பெட்டியை எடுத்துட்டு நல்லாக் கீழ போங்க" என்று அவரே பெட்டியைத் தள்ளி வைத்தார். பெரியவர் சொல்கிறாரே என்று போனேன். அவர் மறுநாளும் ஜிம்முக்கு வந்தார். நான் 12 நாள் வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை. என் முதுகைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

"முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது" என்பது எல்லோருக்கும் சொல்லப்படும் இன்னொரு அறிவுரை. தொடை எலும்பு நீளமானவருக்கு முட்டி முன்னால் வந்தே தீரும். அதை வம்பாகத் தடுத்தால் உடம்பு முன்னால் சாய்ந்து, பாரம் இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் போகும். முட்டியைக் காப்பாற்றப் போய் முதுகைக் கெடுத்த கதைதான்.

நடுவர் அவர்களே, எனக்கு உண்மையிலேயே வலிக்கிற இடம் வேறு. இந்த அறிவுரை யாரைத் தேடி வருகிறது? எங்கள் ஜிம்மில் ஒரு தம்பி முதுகை வில் மாதிரி வளைத்து, தரையிலிருந்து ராடைத் தூக்கும் டெட்லிஃப்ட்டில் 140 கிலோ எடுப்பார். அவரிடம் யாரும் போய் ஒரு வார்த்தை சொல்லி நான் பார்த்ததில்லை. புதிதாக வந்த பெண்ணிடம், உடம்பு பெருத்தவரிடம், தலை நரைத்தவரிடம் வரிசையாக வருகிறார்கள். அக்கறை என்றால் அந்த 140 கிலோவிடம் அல்லவா முதலில் போயிருக்க வேண்டும்?

"பொம்பளைங்க வெயிட் தூக்கினா ஆம்பளை உடம்பு ஆயிடுமுங்க" என்கிறார்கள். சோளத்தட்டுக் கட்டைத் தலையில் சுமந்து காட்டிலிருந்து வீடு வந்தாளே என் அம்மா, அவளிடம் இதை யாராவது சொன்னார்களா? தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண் உடம்பில் பல மடங்கு குறைவு. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். இத்தனைக்குப் பிறகும் 15 கிலோ ராடைத் தொடும் பெண்ணைப் பயமுறுத்துவது என்ன நியாயம்?

எதிரணியில் ஒரு சகோதரி, "மல்லாந்து படுத்து ராடைத் தூக்கும் பெஞ்ச் பிரஸ்ஸில் ராடு நெஞ்சில் மாட்டிக்கொண்டால்?" என்று கேட்டார். ஓடிப்போய்த் தூக்குங்கள், அம்மணி! அதற்குப் பெயர் அறிவுரை இல்லை, உதவி. உயிருக்கு ஆபத்து என்றால் யாரும் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். நான் எதிர்ப்பது அதை அல்ல.

இப்போதெல்லாம் யாராவது வந்தால், ராடை ஸ்டாண்டில் வைக்கும்வரை நான் திரும்புவதே இல்லை. அப்புறம் முகம் பார்த்து, "எனக்கு இந்த முறைதானுங்க சொல்லியிருக்காங்க" என்பேன். மறுபடியும் வந்தால் பயிற்சி கொடுக்கிற ஜிம் மாஸ்டரிடம் சொல்லிவிடுவேன். சண்டை இல்லை, ஆனால் பெட்டியை யாரும் தொட விடுவதில்லை.

போன வாரம் ஒரு கல்லூரிப் பெண் குதிகால் தூக்க ஸ்குவாட் செய்துகொண்டிருந்தாள். எனக்கும் வாய் துடித்தது. அவள் செட் முடித்து, தண்ணீர் குடிக்கும்வரை காத்திருந்தேன். "கண்ணு, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றேன். "வேண்டாங்க அக்கா, மாஸ்டர் வந்து பார்க்கிறேன்னு சொல்லியிருக்காரு" என்றாள். "சரி கண்ணு" என்று சொல்லிவிட்டு என் ராடுக்குத் திரும்பினேன்.

நன்றி, வணக்கமுங்க.