தீர விசாரிக்க வேண்டிய ஒரு மணி நேரம்

(தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தமிழ்ச் சங்கத் தலைவர் அவர்களே, என்னை இரண்டு முறை தொலைபேசியில் அழைத்து அன்போடு வற்புறுத்திய செயலாளர் அம்மையார் அவர்களே, வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் முதல்வர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் என் வணக்கம். இந்த அரங்கை நமக்குக் கட்டணமில்லாமல் திறந்துவிட்ட பொது நூலகத்தின் நூலகர் அம்மையாரைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் நம்மைப் போன்ற சிறு சங்கங்கள் உயிரோடு இருப்பதற்கு இப்படிப்பட்ட நூலகங்கள்தான் காரணம். அவருக்கு ஒரு கைத்தட்டல் கொடுங்கள். நன்றி.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'புதிய அதிபரின் பத்திரிகையாளர் சந்திப்பும் மக்களின் எதிர்வினையும்'. மூன்று விஷயங்கள் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அங்கே கேள்வி கேட்பவர்கள் யார்? அந்தச் சந்திப்பிலிருந்து நம் கையில் வந்து சேருவது என்ன? அப்புறம், மற்ற நாடுகளில் இது எப்படி நடக்கிறது?

தொடங்குவதற்கு முன்னால், என் பேச்சைக் கேட்டவர்கள் எதிர்பார்க்கும் அந்தப் பழமொழியைச் சொல்லிவிடுகிறேன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். இன்றைக்கு இந்தப் பழமொழிக்கு நிறைய வேலை இருக்கிறது.

அமெரிக்க அதிபர் ஒருவர் முறையாக நிருபர்களைக் கூட்டிப் பேசிய முதல் சந்திப்பு 1913 மார்ச் 15-இல் நடந்தது. உட்ரோ வில்சன் பதவியேற்று பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. பின்னால் வந்த கூலிட்ஜும் ஹூவரும் கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள் என்றார்கள். பிடிக்காத கேள்வியை ஒதுக்கி வைத்துவிடலாம். 1933 மார்ச் 8-இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தன் முதல் சந்திப்பிலேயே அந்த வழக்கத்தை எடுத்துவிட்டார். வங்கிகளெல்லாம் மூடிக் கிடந்த வாரம் அது. நேருக்கு நேர் கேளுங்கள் என்றார். முடிந்ததும் நிருபர்கள் கைதட்டினார்கள். ஆனால் அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே அச்சிட அனுமதி இல்லை, எழுத்தில் கொடுத்தால் மட்டுமே அச்சிடலாம். ஆக, மக்கள் எதிர்வினை காட்டியது அதிபரின் பேச்சுக்கு அல்ல, நிருபர் எழுதிய சாரத்துக்கு.

1961 ஜனவரி 25-இல் ஜான் கென்னடி இதை மாற்றினார். பதவியேற்ற ஐந்தாவது நாள், வெளியுறவுத் துறையின் அரங்கில், தொலைக்காட்சியில் நேரலை. சுமார் ஆறரைக் கோடிப் பேர் பார்த்தார்கள். சோவியத் யூனியன் பிடித்து வைத்திருந்த இரண்டு அமெரிக்க விமானப்படை வீரர்கள் விடுதலையான செய்தியை அன்றைக்கு அவரே சொன்னார். எந்த ஆசிரியரின் கத்தரிக்கோலும் நடுவில் இல்லாமல் மக்கள் தங்கள் அதிபரைக் கேட்டார்கள். அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள். தீரவில்லை.

2008 நவம்பர் 7-ஐ நினைத்துப் பாருங்கள். ஒபாமா தேர்தலில் வென்று மூன்று நாள். சிகாகோவில் முதல் சந்திப்பு. அன்று காலைதான் வேலையின்மை 6.5 சதவீதம் என்ற அறிக்கை வந்திருந்தது. அதற்கு முந்தைய ஒரே மாதத்தில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் வேலைகள் போயிருந்தன. பொருளாதார ஆலோசகர்களைப் பின்னால் நிற்க வைத்துக்கொண்டு அவர் பேசியது அதைப் பற்றி. மறுநாள் நாடு எதைப் பற்றிப் பேசியது? மகள்களுக்கு வாங்கப் போகும் நாய்க்குட்டியைப் பற்றி! முன்னாள் அதிபர் ரீகனின் மனைவி நான்சி ரீகனைக் குறித்து அவர் அடித்த ஒரு விளையாட்டுப் பேச்சைப் பற்றி! ஆவிகளோடு பேசும் கூட்டம் நடத்தியவர் என்பதுபோல் சொல்லிவிட்டார், அன்றே அந்த அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்பும் கேட்டார். நான்சி ரீகன் கலந்தாலோசித்தது ஜோசியரை, ஆவிகளை அல்ல. ஜோசியம் என்றதும் நம் சபையில் ஒரு சலசலப்பு எழுகிறது, இருக்கட்டும். நான் கேட்பது இதுதான். வேலை இழந்த இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் குடும்பங்கள் அந்தப் பேச்சில் எங்கே போயின?

இப்போது ஒரு கதை சொல்கிறேன். நடந்த கதை. இவர் புதிய அதிபர் அல்ல, ஐந்து ஆண்டுகள் பழகியவர். பழகியவருக்கே இந்த நிலை என்றால் புதியவருக்கு என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

1950 நவம்பர் 30, வியாழக்கிழமை. வெள்ளை மாளிகைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இந்தியன் ட்ரீட்டி ரூம் என்று ஓர் அறை. அதிபர் ஹாரி ட்ரூமன் உள்ளே வருகிறார். கொரியாவில் சீனப் படைகள் பெருந்திரளாக இறங்கி, அமெரிக்கப் படைகள் பின்வாங்கிக்கொண்டிருக்கும் நேரம். ஊரெல்லாம் பதற்றம். ட்ரூமன் தயாரித்து வந்த அறிக்கையைப் படிக்கிறார். நல்ல அறிக்கை, நிதானமானது. படித்து முடித்த கையோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கேள்விகள் தொடங்குகின்றன. நிலைமையைச் சமாளிக்கத் தேவையான எல்லா நடவடிக்கைகளையும் எடுப்போம் என்கிறார். அதில் அணுகுண்டும் அடங்குமா என்று ஒருவர் கேட்கிறார். நம்மிடம் உள்ள எல்லா ஆயுதங்களும் அடங்கும் என்கிறார் ட்ரூமன். அறை நிமிர்ந்து உட்கார்கிறது. அப்படியானால் அதைப் பயன்படுத்துவது தீவிரப் பரிசீலனையில் இருக்கிறதா? எப்போதுமே பரிசீலனையில் இருந்திருக்கிறது என்கிறார். உடனே சொல்கிறார், அது பயன்படுவதை நான் பார்க்க விரும்பவில்லை, அது பயங்கரமான ஆயுதம், இந்த ஆக்கிரமிப்போடு தொடர்பே இல்லாத அப்பாவி ஆண்கள், பெண்கள், குழந்தைகள் மேல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஹிரோஷிமாவுக்கு உத்தரவு கொடுத்த அதே மனிதர் பொதுமேடையில் சொன்ன வார்த்தைகள் இவை.

யுனைடெட் பிரஸ் நிருபர் மெரிமன் ஸ்மித் நல்ல நோக்கத்தோடு இன்னொரு முறை கேட்கிறார். நாங்கள் சரியாகப் புரிந்துகொண்டோமா, அணுகுண்டு பரிசீலனையில் இருக்கிறதா? ஆமாம், எப்போதும் இருந்திருக்கிறது, அது நம் ஆயுதங்களில் ஒன்று. அப்புறம் இன்னொரு கேள்விக்கு, களத்தில் உள்ள தளபதிதான் ஆயுதங்களின் பயன்பாட்டைப் பார்த்துக்கொள்வார் என்றும் சொல்லிவிடுகிறார். களத்தில் இருந்த தளபதி யார்? மெக்ஆர்தர்! ட்ரூமனோடு மோதி, அடுத்த ஆண்டே பதவி பறிக்கப்பட்ட அதே ஜெனரல்.

சில நிமிடங்களில் தந்திச் செய்தி உலகம் சுற்றுகிறது. கொரியாவில் அணுகுண்டு பரிசீலனையில் இருக்கிறது என்கிறார் அமெரிக்க அதிபர்! லண்டனில் நாடாளுமன்றத்தில் அன்றைக்கு வெளியுறவு விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே செய்தி போய் விழுகிறது. ஆளுங்கட்சி உறுப்பினர்களே கவலையோடு பிரதமருக்குக் கடிதம் எழுதுகிறார்கள். பிரதமர் கிளெமென்ட் அட்லி வாஷிங்டன் புறப்படுகிறேன் என்று அறிவிக்கிறார். டிசம்பர் 4-இல் வந்து இறங்கியும்விட்டார்! வெள்ளை மாளிகை அன்றே விளக்க அறிக்கை கொடுத்தது. சட்டப்படி அதிபர் மட்டுமே அணுகுண்டுக்கு அனுமதி தர முடியும், அப்படி ஓர் அனுமதி தரப்படவில்லை என்று. அந்த விளக்கம் போய்ச் சேருவதற்குள் பயம் போய்ச் சேர்ந்துவிட்டது.

பிழை யார் மேல்? ட்ரூமன் வார்த்தையைச் சிந்தினார், சந்தேகமில்லை. ஆனால் 'நான் பார்க்க விரும்பவில்லை' என்ற வாக்கியம் தலைப்பில் ஏறவில்லை. அந்த உரையாடலை வரிக்கு வரி இன்றும் படிக்கலாம். படித்தால் பயப்படுவீர்கள், ஆனால் சரியான அளவுக்குப் பயப்படுவீர்கள். தீர விசாரிப்பதே மெய் என்பது இதுதான்.

கேள்வி கேட்பவர்கள் யார் என்ற விஷயத்துக்கு வருகிறேன். 2009 பிப்ரவரி 9-இல் ஒபாமா வெள்ளை மாளிகையின் கிழக்கு அறையில் நடத்திய சந்திப்பை ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் பார்த்தார்கள். யாரை அழைப்பது என்று கையில் பட்டியல் வைத்திருந்தார். முன்பே முடிவான பட்டியலா என்று சிலர் கோபப்பட்டார்கள். பைடன் 2021 மார்ச் 25-இல்தான் முதல் சந்திப்பை நடத்தினார், பதவியேற்று 64 நாள் கழித்து. ஏன் இவ்வளவு தாமதம் என்று ஒரு பக்கம் குமுறல். ஆனால் எனக்கு மறக்காதது வேறு. நூறு நாளில் 20 கோடித் தடுப்பூசி என்ற இலக்கை அவர் அறிவித்துத்தான் தொடங்கினார். பெருந்தொற்றில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்த நாடு. நிருபர் ஒருவர்கூடத் தொற்றைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்த தேர்தலில் நிற்பீர்களா என்று கேட்டார்கள். வீட்டில் மருந்தில்லாமல் உட்கார்ந்திருந்தவரின் கேள்வியை யார் கேட்பது?

2017 பிப்ரவரி 16-இல் ட்ரம்ப் 77 நிமிடம் பேசினார். அதே 77 நிமிடத்தைப் பார்த்து ஒரு பாதி நாடு 'என்ன குழப்பம் இது' என்றது, மறுபாதி 'கடைசியில் ஒருவர் பத்திரிகைக்காரர்களை எதிர்த்து நின்றார்' என்றது. ரீகனுக்குப் பிறகு மிகப் பெரிய தேர்வாளர் வாக்கு வெற்றி (மாநிலவாரியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 'எலக்டோரல்' வாக்கு) தன்னுடையது என்றார் அதிபர். ஒபாமா இரண்டு தடவையும் அதைவிட அதிகம் பெற்றாரே என்று ஒரு நிருபர் அங்கேயே எண்களைச் சொன்னார். எனக்கு அப்படித் தகவல் கொடுத்தார்கள் என்று பதில் வந்தது. இந்த ஓர் உரையாடல் போதும், இரண்டு பாதிகளும் ஒரே மேஜையில் உட்கார. ஆனால் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த முப்பது விநாடித் துணுக்கைத்தான் கைபேசியில் பார்த்தார்கள். கண்ணால் காண்பதும் பொய் என்றால் துணுக்காகக் காண்பது?

இதனால்தான் நான் போகும் இடமெல்லாம் இதையே கேட்கிறேன். சங்கத்தில், தமிழ்ப் பள்ளியில், இந்த நூலகத்தில் 'முழுப் பிரதி வாசிப்பு' தொடங்க வேண்டும். அதிபர் பேசிய சில நாளுக்குள் முழு எழுத்துப் பிரதியை அச்செடுத்து, வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் அதிபராகவும் மற்றவர்கள் நிருபர்களாகவும் சத்தமாக வாசிப்பது. வாசித்து முடியும் வரை யாரும் கருத்துச் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் விதி. ஒரு மணி நேரப் பேச்சை வாசிக்க ஒரு மணி நேரம் ஆகும். ஒரு சினிமாவின் இடைவேளை வரைக்கும் ஆகும் நேரம்.

பிரதி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறீர்களா? கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் 'அமெரிக்கன் பிரசிடென்சி புராஜெக்ட்' என்று நடத்துகிறார்கள், ட்ரூமன், கென்னடி முதல் இன்றைக்கு இருப்பவர் வரை தேடி எடுக்கலாம், காசு கிடையாது. அரசு வெளியீடுகளை மக்களுக்குத் திறந்து வைக்கும் டெபாசிட்டரி நூலகங்கள் இந்த நாட்டில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. நூலகர் அம்மையார் தலையசைக்கிறார், மிக்க நன்றி.

எழுத்துப் பிரதி யாருக்கு அவசியம் என்பதை இன்னொரு விதமாகவும் பாருங்கள். 2020-இல் காது கேளாதோர் தேசிய சங்கம் வழக்குப் போட்ட பிறகுதான், வெள்ளை மாளிகையின் கொரோனா விளக்கக் கூட்டங்களுக்குச் சைகைமொழி பெயர்ப்பாளரைக் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அதிபரின் பேச்சைக் காதால் கேட்கவே முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆங்கிலம் வேகமாகப் பேசினால் பின்தொடர முடியாத நம் வீட்டுத் தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். பேரன் வரிக்கு வரி நிறுத்தித் தமிழில் சொன்னால் அவர்களும் கேள்வி கேட்பார்கள். நம் நிருபர்களுக்குத் தோன்றாத கேள்விகளைக் கேட்பார்கள், எனக்கு அதில் உறுதியான நம்பிக்கை உண்டு.

மூன்றாவது விஷயம், மற்ற நாடுகள். பிரான்ஸில் அதிபர் சார்ல் த கோல் நூற்றுக்கணக்கான நிருபர்களுக்கு முன்னால் 1963 ஜனவரி 14-இல் பிரிட்டன் ஐரோப்பியச் சந்தையில் சேருவதை மறுத்தார். அது தனியாகப் பேச வேண்டிய பொருள். தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார், சரி, முடிக்கிறேன்.

முதல் வாசிப்புக்கு ட்ரூமனின் அந்த நவம்பர் 30 பிரதியையே எடுத்துக்கொள்ளலாம் என்று முதல்வர் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். உயர்வகுப்பு மாணவர்கள் ஆளுக்கொரு நிருபராக வாசிக்கட்டும். பெயர் கொடுக்க விரும்புவோருக்கு வாசல் மேஜையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். ட்ரூமனாக வாசிக்க ஒருவரும், அன்றைய அறிக்கையைத் தமிழில் சொல்ல இருவரும் இன்னும் தேவை. பெரியவர்களை அழைத்து வர கார் உள்ளவர்களும் அதே தாளில் எழுதிவிட்டுப் போங்கள். வணக்கம்.