பதினொன்றாம் வகுப்பு இனி உங்கள் கையில்: தலைமை ஆசிரியர்களோடு கொஞ்ச நேரம்

வணக்கம். எல்லாரும் நலமாக இருக்கிறீர்களா? மூன்று வாரமாக வீடியோ போடவில்லை. ஆனால் போன் மட்டும் ஓயவில்லை. "டீச்சர், இதற்கு என்ன அர்த்தம்? அதை எப்படிச் செய்வது?" என்று தலைமை ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட இங்கே உட்கார்ந்து ஒரேயடியாகப் பேசிவிடலாம் என்று தோன்றியது. பொறுப்புத் தலைமை ஆசிரியர் என்ற பெயரில் ஒரு வருடமாக இரட்டை வேலை பார்ப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன். பெற்றோர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் நீங்களும் இருங்கள், உங்கள் பிள்ளையைப் பற்றிய பேச்சுதான் இது.

இது 2025 செப்டம்பர். காலாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. இந்த ஒன்றரை மாதத்துக்குள் எத்தனை செய்திகள் வந்துவிட்டன பாருங்கள். ஆகஸ்ட் 8ஆம் தேதி கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டார். ஆகஸ்ட் 26ஆம் தேதி காலை உணவுத் திட்டம் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றித் தீர்ப்பு சொன்னது. ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் நிதி விவகாரம் இன்னும் முடியவில்லை. இவை எல்லாமே கடைசியில் தலைமை ஆசிரியர் மேசைக்குத்தான் வந்து சேரும்.

முதலில் கல்விக் கொள்கை. ஓய்வுபெற்ற நீதிபதி முருகேசன் தலைமையில் 2022இல் குழு அமைத்தார்கள். 2024 ஜூலையில் அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். அதிலிருந்து பள்ளிக் கல்விக்கான பகுதிதான் இப்போது வந்திருக்கிறது. இருமொழிக் கொள்கை தொடரும் என்பதைத் தொலைக்காட்சியில் எல்லாரும் நிறையப் பேசிவிட்டார்கள், நான் அதற்குள் போகவில்லை. 3, 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு கிடையாது, எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்க மாட்டோம் என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறார்கள். இதுவும் நமக்குப் புதிது இல்லை.

புதிதாக வந்திருப்பது பதினொன்றாம் வகுப்பு விஷயம். இந்தக் கல்வி ஆண்டிலிருந்தே, அதாவது 2025-26 முதலே, பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று பள்ளிக் கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் அறிவித்துவிட்டார். இனி பத்துக்கும் பன்னிரண்டுக்கும் மட்டும்தான். அறிவிப்பு வந்த அன்று சாயங்காலமே எனக்கு ஒரு தலைமை ஆசிரியர் போன் செய்தார். "அப்பாடா, ஒரு சுமை குறைந்தது டீச்சர்" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. ஒரே மார்ச் மாதத்தில் மூன்று பொதுத்தேர்வு நடத்துவது என்றால் என்ன என்று அறைக் கண்காணிப்பாளர் பட்டியல் போட்டவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகளுக்கும் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூச்சு விடாமல் மூன்று வருடம். அந்த வகையில் எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் அந்தத் தேர்வு 2017-18இல் ஏன் வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. இங்கேதான் கொஞ்சம் நிறுத்திப் பேசப் போகிறேன்.

அப்போது நிறைய தனியார் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்துவதே இல்லை. ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இரண்டு வருடம் ஒரே புத்தகம். மதிப்பெண் குவியும், பிளக்ஸ் போர்டு வைப்பார்கள். அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய் முதல் வருடத்திலேயே தடுமாறுவார்கள். நுழைவுத் தேர்வுகளில் பாதி கேள்வி பதினொன்றாம் வகுப்பிலிருந்து வரும், அங்கேயும் கோட்டை விடுவார்கள். அதைத் தடுக்கத்தான் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு என்று கொண்டுவந்தார்கள். 1200 மதிப்பெண் 600 ஆனதும் அப்போதுதான். பிறகு 2018இல், உயர்கல்விக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் போதும் என்று மாற்றினார்கள். அன்றைக்கே அந்தத் தேர்வின் பிடி பாதி தளர்ந்துவிட்டது.

தனியார் பள்ளியை மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. நான் கணக்கு முதுகலை ஆசிரியராக இருந்தவள். ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் நானும் ஜனவரி வந்ததும் பதினொன்றை மூடிவைத்துவிட்டுப் பன்னிரண்டை ஆரம்பித்திருக்கிறேன். எல்லாரும் செய்தார்கள், தேர்ச்சி விழுக்காடு கேட்டார்கள், நானும் செய்தேன். வகை நுண்கணிதத்தில் பாதியோடு நிறுத்திவிட்டேன். அந்த வகுப்பில் படித்த ஒரு பையன் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். தீபாவளி விடுமுறைக்கு வந்தவன் பள்ளிக்கு வந்து என்னைப் பார்த்தான். "மேடம், அங்கே முதல் வாரமே வகையிடல் எல்லாருக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்கள்" என்றான். குறை சொல்ல வரவில்லை அவன். நோட்டை எடுத்துக்கொண்டு வந்திருந்தான், சொல்லித்தருவீர்களா என்று கேட்டான். அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். விடுமுறை முடியும்வரை தினமும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். ஆனாலும் அவனை அந்த நிலையில் அனுப்பியது நான்தானே? இன்றைக்கு நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், தேர்வு போய்விட்டது என்றால் அந்தப் பாடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இதுவரை பொதுத்தேர்வு என்ற பயத்துக்காவது பாடம் முழுதாக நடந்தது. இனி அந்தப் பயம் இல்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடவேளையைப் பன்னிரண்டுக்குக் கடன் கேட்டு டிசம்பரிலேயே உங்கள் அறைக்கு ஆசிரியர்கள் வருவார்கள். நல்ல ஆசிரியர்களே வருவார்கள், அக்கறையோடுதான் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். கால அட்டவணையில் பதினொன்றுக்கு என்று எழுதிய மணிநேரம் பதினொன்றுக்கே போகட்டும்.

இன்னொன்று. 2025இல் பதினொன்றில் தேர்ச்சி 92.09 விழுக்காடு. மீதிப் பேர் அரியரோடு பன்னிரண்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். புதிய அறிவிப்பு வந்ததும் அந்தப் பிள்ளைகள் "எங்களுக்கும் ரத்து" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். யார் யாருக்கு எந்தப் பாடம் நிற்கிறது என்று பட்டியல் எடுத்து, ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பிரேயரில் மைக்கில் பெயர் படிக்க வேண்டாம்.

சரி, அடுத்து திறன் திட்டம். ஆறு முதல் ஒன்பது வரை, தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் அடிப்படை நிற்காத பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் தனியாகப் பயிற்சி கொடுப்பது. இதற்கு முன்பே சின்ன வகுப்புகளுக்கு 2022இல் எண்ணும் எழுத்தும் என்ற திட்டம் ஒன்று முதல் மூன்று வரை வந்தது, அடுத்த வருடம் நான்கும் ஐந்தும் சேர்ந்தன. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பாடம் சொல்வது. ஆனால் கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்தபோது ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு படித்தவர்கள் இப்போது ஆறிலும் ஏழிலும் இருக்கிறார்கள். அ, ஆ எழுதிப் பழக வேண்டிய வயதில் வீட்டில் இருந்தவர்கள். அவர்களுக்கு இந்தத் திட்டம் தாமதமாக வந்தாலும் வந்ததே என்று இருக்கிறது எனக்கு.

இதில் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடிப்படைத் தேர்வில் எத்தனை பேர் படிக்கத் தெரியாதவர்கள் என்று உண்மையான எண்ணைப் போடுங்கள். எண்ணிக்கை கூடினால் மீட்டிங்கில் எழுப்பிவிட்டுக் கேட்பார்கள் என்று பயந்து குறைத்துப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. குறைத்துப் போட்ட பத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி ஏடு வராது, வகுப்பு வராது. முதன்மைக் கல்வி அலுவலர்கள் யாராவது இதைப் பார்த்தால் உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். எண்ணிக்கை அதிகம் என்று சொல்லும் தலைமை ஆசிரியரைத் திட்டாதீர்கள். அவர்தான் உங்களுக்கு உண்மையைச் சொல்கிறார்.

அப்புறம், எல்லாரையும் தூங்கவிடாமல் வைத்திருக்கும் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வுத் தீர்ப்பு. உங்கள் ஆசிரியர் அறையில் இப்போது வேறு பேச்சே இருக்காது. வாட்ஸ்அப்பில் வருவதை விட்டுவிட்டு, தீர்ப்பு என்ன சொல்கிறது என்று மட்டும் பார்ப்போம். கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் எட்டு வகுப்பு வரைக்குமானது. அந்த வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்கள், சட்டம் வருவதற்கு முன்பே பணியில் சேர்ந்திருந்தாலும், தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்களுக்குத் தீர்ப்பு நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். ஐந்து வருடத்துக்குக் குறைவாக இருப்பவர்கள் அப்படியே பணியைத் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு வேண்டுமென்றால் தேர்ச்சி வேண்டும். நமக்கு ஓய்வு வயது 60. அதனால் 55ஐத் தாண்டியவர்களுக்கு வேலை போய்விடும் என்ற பயம் வேண்டாம். சிறுபான்மை நிறுவனங்கள் பற்றிய கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இருபது வருடம், இருபத்தைந்து வருடம் பாடம் எடுத்தவரைப் போய்த் தேர்வு எழுது என்றால் எப்படி இருக்கும்? அவர் சேர்ந்தபோது இந்தத் தேர்வே கிடையாது. அன்றைக்கு அரசு கேட்ட தகுதியோடு, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய வருத்தம் நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன். சங்கங்கள் பேசட்டும், அரசு சட்ட வழியில் செய்ய வேண்டியதைச் செய்யட்டும். ஆனால் அது ஒரு பக்கம் நடக்கும்போது படிப்பது இன்னொரு பக்கம் நடக்க வேண்டும். இரண்டு வருடம் வேகமாக ஓடிவிடும். 150 மதிப்பெண் தேர்வு. ஒன்று முதல் ஐந்து வரைக்கு முதல் தாள், ஆறு முதல் எட்டு வரைக்கு இரண்டாம் தாள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் என்ற பகுதி இரண்டிலும் உண்டு. உங்கள் பள்ளியில் சமீபத்தில் சேர்ந்த இளம் ஆசிரியர் யாராவது தேர்ச்சி பெற்றவராக இருப்பார். அவரைச் சீனியர்களோடு வாரம் இரண்டு நாள் மாலை உட்கார வையுங்கள். கூச்சமாக இருக்கும் என்று நீங்களே ஒதுங்கிவிடாதீர்கள். தலைமை ஆசிரியரே முதலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மற்றவர்களும் வந்துவிடுவார்கள்.

நிதி. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக 2024-25க்கான சமக்ர சிக்ஷா பணம் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தரவில்லை. மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நின்றாலும் சரி, பிள்ளைகளின் பணத்தை அதற்குப் பணயமாக வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளி மானியம் தெரியும் உங்களுக்கு: முப்பது பிள்ளைகள் வரை என்றால் பத்தாயிரம், நூறு வரை இருபத்தைந்தாயிரம், இருநூற்றைம்பது வரை ஐம்பதாயிரம் என்று மாணவர் எண்ணிக்கைப்படி வருவது. சாக்பீஸ், துடைப்பம், பினாயில், மின் விசிறி ரிப்பேர், எல்லாம் அதில்தான். அது தாமதமானால் தலைமை ஆசிரியர் சொந்தப் பையில் கை விடுவார். நானும் விட்டிருக்கிறேன். செலவு செய்வதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மானியம் வரும்வரை காத்திருக்க முடியாது. ஆனால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லித் தீர்மானமாக எழுதிவிட்டுச் செய்யுங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பள்ளியில் பணம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும், ஊருக்கும் தெரிய வேண்டும்.

பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் பள்ளியில் மணி அடிக்கும்படி அரசு சொன்னது நல்ல விஷயம், செலவே இல்லாதது. முக்கியமாகப் பெண் பிள்ளைகள் குடிக்கிறார்களா என்று பாருங்கள். கழிப்பறை சரியில்லாத இடத்தில் அவர்கள் குடிக்க மாட்டார்கள். ப வடிவில் பெஞ்சு போடுவது பற்றி வந்த உத்தரவை நிறுத்திவைத்துவிட்டார்கள், அதற்காக யாரும் மேசையை இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண் ஒவ்வொரு வகுப்பறையிலும் கண்ணில் படுகிறதா என்று காலாண்டு விடுமுறைக்கு முன் ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிடுங்கள். போன வருடம் ஒட்டியது கிழிந்திருக்கும்.

இன்றைக்கு இவ்வளவு போதும். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரத்தில் உங்கள் பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடம், எந்த அலகு நடக்கிறது என்று எனக்கு ஒரு வரி அனுப்புங்கள். பள்ளியின் பெயர் வேண்டாம், பாடமும் அலகும் போதும். டிசம்பரில் மறுபடி கேட்பேன், மார்ச்சிலும் கேட்பேன். கணக்கு ஆசிரியர் இல்லாத பள்ளி எதுவும் இருந்தால் அதையும் எழுதுங்கள். வகை நுண்கணிதத்தை முதல் பக்கத்திலிருந்து நானே வீடியோவாகப் போடத் தொடங்கியிருக்கிறேன், முதல் இரண்டு இந்த வாரமே வந்துவிடும்.